ஜெயித்தது 13, உட்கார்ந்தது எத்தனை?

கழகத்துக்கார நண்பர் ஒருத்தர் இருக்கிறார். அரசியல் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷத்தில் ஒரே ஒரு கணக்கைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார். “13க்கு 13 தலைவரே! இந்த நாட்டுல வேற யாரையாச்சும் காட்டுங்க பார்ப்போம்!”

கணக்கு சரிதான். கலைஞர் கருணாநிதி சட்டசபைத் தேர்தலில் 13 தடவை நின்றார், 13 தடவையும் ஜெயித்தார். 1957ல் குளித்தலை, 1962ல் தஞ்சாவூர், 67லும் 71லும் சைதாப்பேட்டை, 77லும் 80லும் அண்ணா நகர், 89லும் 91லும் துறைமுகம், 96, 2001, 2006 மூன்று தடவை சேப்பாக்கம், 2011லும் 2016லும் திருவாரூர். ஆக ஏழு தொகுதி. 1984ல் மட்டும் நிற்கவில்லை.

இதில் நூலிழையில் பிழைத்ததும் உண்டு. 1980ல் அண்ணா நகரில் ஹண்டேயை ஜெயித்தது 699 ஓட்டில். 1991ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு வீசிய அலையில் தி.மு.க. மொத்தமாகக் கவிழ்ந்தபோது, துறைமுகத்தில் அவர் தப்பித்தது 890 ஓட்டில். 2016ல் 92 வயசை நெருங்கிக் கொண்டிருந்தவர், திருவாரூரில் 68,366 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதுதான் பெரிய வித்தியாசம்.

நண்பர் நெஞ்சை நிமிர்த்துவதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்க தோஷம். நான் பி.காம். படித்தவன். யாராவது ஒரு பக்கக் கணக்கை மட்டும் காட்டினால், கை தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

காமர்ஸ் முதல் வருஷத்திலேயே ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். ஒரு கல்யாண கான்ட்ராக்டர் உங்களிடம் அட்வான்ஸ் வாங்குகிறார். அந்தப் பணம் அவருக்கு வருமானமா? இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் அது கடன் பக்கத்தில்தான் வரும். பந்தி போட்டு, சாப்பாடு பரிமாறி, வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் அது அவருடைய வருமானம். அதுவரைக்கும் அவர் நமக்குக் கடன்காரர்.

ஓட்டும் அப்படித்தான். நாம் கொடுக்கிற அட்வான்ஸ். ஜெயித்த அன்றைக்கு ஒரு எம்.எல்.ஏ. எதையும் சம்பாதித்துவிடவில்லை. அஞ்சு வருஷ வேலையைக் கடனாக வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் 13 வெற்றி என்பது 13 அட்வான்ஸ். எவ்வளவு வேலை முடிந்தது? அதைப் பார்க்கலாம், வாங்க.

*

முதலில் வரவு. அதில் கஞ்சத்தனம் செய்தால் அது விமர்சனம் இல்லை, வயிற்றெரிச்சல்.

1957ல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 பேரை சட்டசபைக்கு அனுப்பியது. அதில் ஒருவர் 33 வயசுகூட முடியாத கருணாநிதி. மே 4ம் தேதி கன்னிப் பேச்சு. அந்த வயசில் எல்லாரும் எதைப் பேசுவார்கள்? உலக அரசியல், திராவிட நாடு என்று வானத்தை வளைப்பார்கள். இவர் எடுத்துக் கொண்டது நங்கவரம் விவசாயிகள் பிரச்னை. தன் தொகுதியில், நிலத்தை உழுகிறவனுக்கும் நிலம் வைத்திருக்கிறவனுக்கும் நடந்த தகராறு. ஒரு புது எம்.எல்.ஏ. செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1962ல் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றுப் போனார். இவர் தஞ்சாவூரில் ஜெயித்து வந்தார். சபையில் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், இவர் துணைத் தலைவர். இப்படி 1957 முதல் 67 வரை பத்து வருஷம் எதிர்க்கட்சி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, குறுக்கிட்டு, சபை விதிகளைக் கரைத்துக் குடித்தார். பிற்காலத்தில் நாம் ரசித்த அந்த உடனடி பதில், அந்தக் குத்தல், அந்த நகைச்சுவை எல்லாம் அங்கே பழகிக் கொண்டதுதான்.

அடுத்தது 1977 முதல் 83 வரை. எதிரே எம்.ஜி.ஆர். ஆட்சி, இவர் எதிர்க்கட்சித் தலைவர். திருச்செந்தூர் கோயில் சரிபார்ப்பு அதிகாரி இறந்த விவகாரத்தை விசாரித்த பால் கமிஷன் அறிக்கையை அரசாங்கம் வெளியிடாமல் வைத்திருந்தது. அதை எடுத்து வெளியிட்டார். நீதி கேட்டு 1982ல் மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே போனார். எதிர்க்கட்சி என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டுமானால் இதைத்தான் நடத்த வேண்டும்.

ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்து செய்ததும் கொஞ்சம் இல்லை. நில உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970ம் வருஷச் சட்டம், 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம், பெண்களுக்கு சொத்தில் சமபங்கு தந்த 1989ம் வருஷச் சட்டம், அருந்ததியருக்கு 2009ல் வந்த உள்ஒதுக்கீடு... இவை எல்லாமே சட்டசபை வழியாக நடந்தவை. சட்டசபை என்றால் சட்டம் போடுகிற இடம் என்று நம்பிய மனுஷன் அவர். அதில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் அடுத்த பக்கத்தில்தான்.

*

1983ல் இலங்கைத் தமிழர் பிரச்னைக்காக அவரும் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். உணர்ச்சிபூர்வமான முடிவு; அந்த வருஷம் நடந்ததை நினைத்தால் குறை சொல்ல மனசு வராது. 1984ல் மேல்சபைக்குப் போனார். 86ல் எம்.ஜி.ஆர். மேல்சபையையே கலைத்துவிட்டார்.

1989ல் முதல்வராகத் திரும்பி வந்தார். 91ல் துறைமுகத்தில் ஜெயித்தார். உடனே, கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று ராஜினாமா. 1996ல் மறுபடி முதல்வர். 2001ல் கட்சி தோற்றது, அவர் ஜெயித்தார். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் பதவி அன்பழகனுக்குப் போனது; அவர் பெரும்பாலும் சபைக்கு வரவில்லை. 2006ல் முதல்வர். 2011ல் கட்சி தோற்றது, அவர் ஜெயித்தார். மறுபடி அதே கதை. சபைக்கு வருவார், லாபியில் இருக்கிற வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், கிளம்பிவிடுவார்.

ஏன் கையெழுத்து மட்டும்? அரசியல் சட்டத்தின் 190வது பிரிவில் ஒரு விதி இருக்கிறது. சபையின் அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அந்த இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். கையெழுத்து இருந்தால் பதவிக்கு ஆபத்து இல்லை. காலேஜில் அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போகிற பையனும் இதே சட்டத்தைத்தான் பயன்படுத்துகிறான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். எதிர்க்கட்சி உறுப்பினராக அவர் நிஜமாகவே சபையில் உட்கார்ந்தது 1957-67 பத்து வருஷம், 1977-83 ஆறு வருஷம். ஆக சுமார் 16. ஆளுங்கட்சியாக 67-76, 89-91, 96-2001, 2006-11. சுமார் 21. உறுப்பினர் என்று பெயர் இருந்தும் பெரும்பாலும் சபையில் இல்லாத காலம் 2001-06, 2011-16. 2016 கடைசியில் உடம்பு படுத்துவிட்டது. அதற்குப் பிறகான நாட்களை நான் எண்ணவில்லை, எண்ணுவது மனுஷத்தன்மையும் இல்லை. அதைக் கழித்த பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், 1983க்குப் பிறகு எதிர்க்கட்சி உறுப்பினராக அவர் தொடர்ந்து சபையில் உட்கார்ந்த ஒரு வருஷம்கூட கிடையாது. முதல்வராக வந்தார், அல்லது வரவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. “வீல்சேர்ல வர்ற மனுஷனுக்கு சபையில உட்கார சரியா இடம் கொடுத்தாங்களா? அதைக் கேளுங்க முதல்ல!”

கேட்க வேண்டிய கேள்விதான். 2011க்குப் பிறகு சக்கர நாற்காலியோடு உட்கார வசதியான இடம் தரவில்லை என்று தி.மு.க. திரும்பத் திரும்பப் புகார் செய்தது. அந்த வசதியைச் செய்து கொடுக்க ஒரு தச்சரும் அரை நாளும் போதும். மனசு இல்லை, அதுதான் விஷயம். ஐந்து தடவை முதல்வராக இருந்தவரை அப்படி நடத்தியது சின்னத்தனம். ஆனால் 2001ல் அவர் சக்கர நாற்காலியில் இல்லையே? அப்போதும் வரவில்லையே? 2009ல் முதுகுத்தண்டு ஆபரேஷன் நடந்து, சக்கர நாற்காலியில் முதல்வராக சபைக்கு வந்தாரே? நாற்காலி ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை.

நிஜக் காரணம், சபை என்பது தோற்ற தலைவர் உட்கார முடியாத இடமாகிவிட்டது என்பதுதான். போனால் அவமானம். மைக் இருக்காது. எழுந்தால் கூச்சல், பேசினால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கம், மீறினால் சபைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போவார்கள்.

ஆனால் இந்த நிலைமை வானத்திலிருந்து விழுந்ததா?

*

1972 டிசம்பர் 2. முதல்வர் கருணாநிதி. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். எதிரே. சபாநாயகர் மதியழகன் ஒரு பக்கம், துணை சபாநாயகர் சீனிவாசன் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே ஹாலில், தனித்தனியாக சபை நடத்தினார்கள்! நம் சட்டசபை சரித்திரத்தில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்பு இல்லை. சட்டசபை செத்துப்போய்விட்டது என்று சொல்லிவிட்டு வெளியேறினார் எம்.ஜி.ஆர். 1977ல் முதல்வராகத்தான் ஜெயித்துத் திரும்பினார்.

1989 மார்ச் 25. முதல்வர் கருணாநிதி பட்ஜெட் படிக்க எழுந்தார். கைகலப்பு. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா கலைந்த கோலத்தோடு வெளியே வந்தார். சேலையை இழுத்தார்கள் என்றது அவர் தரப்பு, அப்படி நடக்கவே இல்லை என்றது தி.மு.க. எது உண்மையோ, முதல்வராகத்தான் இந்த சபைக்குத் திரும்பி வருவேன் என்று அவர் சபதம் போட்டார். 91ல் அப்படியே வந்தார்.

2006ல் தோற்ற பிறகு ஜெயலலிதாவும் என்ன செய்தார்? அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூண்டோடு சஸ்பெண்ட் ஆனபோது, மே மாதம் தன்னந்தனியாக வந்து உட்கார்ந்து பேசினார். அது ஒரு கம்பீரமான காட்சி. அதற்குப் பிறகு அவரும் அஞ்சு வருஷத்தில் பெரும்பாலும் வரவில்லை. 2011ல் எதிர்க்கட்சித் தலைவரான விஜயகாந்த், 2012 பிப்ரவரி மோதலுக்கும் சஸ்பெண்டுக்கும் பிறகு அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆக, நம் ஊரில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஜெயித்தால் சிம்மாசனம், தோற்றால் கையெழுத்து. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சினிமாவிலிருந்து நேராக அரசியலுக்கு வந்தவர்கள். சட்டசபை அவர்களுக்குப் பல மேடைகளில் ஒரு மேடை. கலைஞர் அப்படி இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர். அந்த சம்பிரதாயத்தை உடைக்கத் தகுதியான ஒரே ஆள் அவர்தான். என் வருத்தம் அங்கேதான் இருக்கிறது.

“அதனால என்ன குறைஞ்சு போச்சு? தினம் முரசொலியில எழுதினாரே, அறிக்கை விட்டாரே!” என்றார் நண்பர்.

உண்மைதான். எழுதினார். அவர் அளவுக்கு ஓயாமல் எழுதிய தலைவர் இந்தியாவில் யாரும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அறிக்கைக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. குப்பைக் கூடையில் போடலாம், பதிலுக்கு ஒரு அறிக்கை விட்டு ஏசலாம். சபையில் ஏற்கப்பட்ட ஒரு கேள்விக்கு மந்திரி எழுந்து பதில் சொல்லியே தீர வேண்டும். சொன்னது அவைக்குறிப்பில் ஏறும். பொய் சொன்னால் உரிமைப் பிரச்னை கிளப்பலாம். அதனால்தான் கோடிக்கணக்கில் செலவு செய்து சபை நடத்துகிறோம்.

2011க்குப் பிறகு ஜெயலலிதா 110வது விதியின் கீழ் அறிவிப்பு மேல் அறிவிப்பாகப் படித்தார். அந்த விதியில் படித்தால் விவாதம் கிடையாது. இதைக் கலைஞர் கண்டித்தார், சரியாகவே கண்டித்தார். எங்கிருந்து? வெளியிலிருந்து. சபை விதிகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஹாலில் யாரும் இருந்திருக்க முடியாது. தினம் காலையில் ஒரு பாயின்ட் ஆஃப் ஆர்டர் போட்டிருந்தால்? பேச அனுமதி மறுத்திருப்பார்கள். மறுக்கட்டுமே. மறுத்தது ரெக்கார்டில் ஏறியிருக்கும். 90 வயசு முன்னாள் முதல்வருக்கு மைக் இல்லை என்பதை நாடு பார்த்திருக்கும்.

*

முடியாத காரியம் என்கிறீர்களா? முடியும் என்று காட்டியவர் அவர் கட்சியிலேயே இருந்தார். 1991ல் தலைவர் ராஜினாமா செய்துவிட்டுப் போன பிறகு, எழும்பூரிலிருந்து வந்த பரிதி இளம்வழுதி, அசுர பலத்தோடு இருந்த ஆளுங்கட்சிக்கு எதிரே ஏறக்குறைய தனியாளாக நின்றார். கத்தினார், மல்லுக்கட்டினார், தூக்கி வெளியே போடப்பட்டார், மறுநாள் திரும்பி வந்தார். அவரைக் கலைஞரே மனசு நிறையப் பாராட்டினார்.

மகாராஷ்டிராவில் கண்பத்ராவ் தேஷ்முக் என்று ஒருத்தர். உழவர் உழைப்பாளர் கட்சி என்ற சின்னக் கட்சி. வறண்ட பூமியான சாங்கோலாவிலிருந்து 1962 முதல் 11 தடவை எம்.எல்.ஏ. மந்திரியாக இருந்தது கொஞ்ச காலம்தான். மற்றபடி வாழ்க்கை முழுக்க எதிர்க்கட்சி பெஞ்ச். 1972ல் தோற்றார், 95ல் தோற்றார், மறுபடி நின்று மறுபடி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். 2021ல், கலைஞரைப் போலவே 94 வயசில், காலமானார். அவரிடம் ‘தோல்வியே காணாதவர்’ என்ற பட்டம் இல்லை. சபைக்கு வெளியே அவருக்கு வேறு ராஜ்ஜியமும் இல்லை.

“சரி சார், ஜனங்களுக்கே அது பிரச்னை இல்லியே? 2016ல 68,000 ஓட்டு வித்தியாசம் கொடுத்தாங்களே?” என்பது நண்பரின் கடைசி அஸ்திரம்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது உண்மை. அஞ்சு வருஷத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்னாச்சு என்று நாம் கேட்கவே இல்லை. கேட்காமல் அடுத்த அட்வான்ஸையும், முன்னைவிடப் பெரிதாகவே கொடுத்தோம். திருவாரூர்க்காரர்களை மட்டும் சொல்லவில்லை. உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கு வந்தாரா, சாவுக்கு வந்தாரா என்று கணக்கு வைத்திருக்கிறோம். சபைக்கு எத்தனை நாள் போனார், என்ன கேட்டார் என்று யாராவது ஒரு தடவையாவது விசாரித்திருக்கிறோமா?

நல்ல சேதியும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2016க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் சபைக்கு வந்தார். 2017 பிப்ரவரியில் சட்டை கிழிந்து வெளியேறிய பிறகும், அப்பா மாதிரி ஒதுங்கிவிடாமல் திரும்பி வந்தார். 2021ல் தோற்ற எடப்பாடி பழனிசாமியும் எதிர்க்கட்சித் தலைவராக வந்து உட்கார்ந்தார். வெளிநடப்பு எக்கச்சக்கம்தான். ஆனாலும் வெளிநடப்பு செய்ய முதலில் உள்ளே வர வேண்டும் இல்லையா?

2010 மார்ச் 13ம் தேதி ஓமந்தூரார் தோட்டத்தில் புது சட்டசபைக் கட்டடத்தை பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். கலைஞர் கூடவே நின்று, பார்த்துப் பார்த்துக் கட்டியது. அடுத்த வருஷமே ஜெயலலிதா சபையைக் கோட்டைக்குத் திருப்பிக் கொண்டு போய்விட்டார். அந்தக் கட்டடம் 2014ல் ஆஸ்பத்திரியானது. அவர் அதில் எவ்வளவு நொந்து போனார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சட்டசபை என்பது கட்டடம் இல்லை என்பது அவருக்குத் தெரியாததா? 1957ல் பழைய பெஞ்சில் உட்கார்ந்து நங்கவரத்தைப் பேசியபோது அவர் கட்டியதுதான் சட்டசபை. அதை யாராலும் ஆஸ்பத்திரியாக மாற்ற முடியாது.

2018 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் படத்தை சட்டசபை ஹாலில் திறந்தார்கள். தி.மு.க. வரவில்லை. 2021 ஆகஸ்ட் 2ம் தேதி கலைஞரின் படத்தை ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். அ.தி.மு.க. வரவில்லை.

இரண்டு பேரும் ஒரே ஹாலில் சேர்ந்து உட்கார அவர்கள் உயிரோடு இருந்தவரை நாம் வழி செய்யவில்லை. இப்போது இருவரும் அங்கேயேதான் இருக்கிறார்கள், தினமும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துத் தேவைப்படாமல்.

அடுத்த தடவை உங்கள் எம்.எல்.ஏ. கும்பிட்டுக் கொண்டு தெருவுக்குள் வரும்போது, எத்தனை தடவை ஜெயித்தீர்கள் என்று கேட்காதீர்கள். அது போஸ்டரிலேயே இருக்கும். எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள்.